கென்யாப் பவுண்

இராசமணி அக்கா கோபப்பட்டு நான் ஒரேயொரு தரம்தான் கண்டிருக்கிறேன். கத்தவில்லை, அழவில்லை. தன்னுடைய வீட்டு வாசலில், கையில் ஒரு தாச்சிச் சட்டியோடு, பேசாமல் நின்றார். அவ்வளவுதான். அந்த நிற்பில் ஒரு பெரிய மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது என்று நான் சொன்னால், ஜெயமலர் எதையும் கூட்டித்தான் சொல்லுவாள் என்பார்கள். சொல்லட்டும். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் எல்லாரும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், போய்க் கேட்கலாம்.

நாங்கள் இருவரும் கனடாவில், பார்க்டேலில், ஜேம்சன் அவெனியூவில் ஒரே கட்டடம். அவர் எட்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. ஸ்பாடைனாவில் ஒரே தையல் ஃபக்டரியில் வேலை. காலையில் ஸ்ட்ரீட்காரில் போகும்போது நான் கதைப்பேன், அவர் கேட்பார். பின்னேரம் வரும்போதும் அப்படித்தான். அவரிடமிருந்து ஒரு கதையை எடுப்பது காய்ந்த தோடம்பழத்தில் சாறு பிழிகிற வேலை. இரண்டு மூன்று வருடமாக நான் பிழிந்து எடுத்ததைத்தான் இங்கே சொல்லுகிறேன்.

அக்காவின் புருசன் தில்லையம்பலம் கணக்கு வாத்தியார். கென்யாவுக்குச் சுதந்திரம் கிடைத்து, பள்ளிக்கூடங்களில் இருந்த வெள்ளைக்கார ஆசிரியர்கள் பெட்டி கட்டத் தொடங்கிய நேரம், அந்த இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். அவர் அறுபத்துநாலில் மனைவியையும் கைக்குழந்தை அன்புராசாவையும் கூட்டிக்கொண்டு நக்குரு என்கிற ஊருக்குப் போனார். அங்கே பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் படிப்பிக்க ஆளில்லாமல் இருந்தது. அக்கா போனார். பிறந்து வளர்ந்து தன் கையால் வாங்கிய முதல் சம்பளம் அதுதான் என்று சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

அறுபத்தாறில் அந்த நாடு தனக்கென்று காசு அடித்தது. அதுவரைக்கும் அங்கே ஓடினது வெள்ளைக்காரன் அடித்த காசு. சின்னச் சதங்களில் நடுவில் ஓட்டை இருக்குமாம். சந்தைக்காரிகள் நூலில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்களாம். சிலிங்கில் இங்கிலாந்து ராசாவின் தலை. புதுக் காசில் ஓட்டை இல்லை, ராசாவும் இல்லை. வெள்ளைக்காரன் வருடக்கணக்காக மறியலில் போட்டு வைத்திருந்த, அந்த நாட்டின் முதல் தலைவரின் தலை இருந்தது. கோத்துக் கட்ட வழியில்லாமல் போச்சே என்று சந்தைக்காரிகள் புறுபுறுத்தாலும், ஆளுக்காள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

அக்காவோடு படிப்பித்த வன்ஜிரு என்ற பெண் புதுப் பத்துச் சதம் ஒன்றை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அவளுடைய தகப்பனை வெள்ளைக்காரர் வருடக்கணக்காகத் தடுப்பு முகாமில் வைத்திருந்தவர்கள். எங்கள் மண்ணில் விளைந்த கிழங்கை எங்கள் சந்தையில் வாங்குவதற்குக்கூட இவ்வளவு காலமும் இன்னொருத்தனின் தலையைத்தானே கொடுத்தோம் என்று அவள் சொன்னாளாம். அக்காவுக்கு அது மனத்தில் தைத்துவிட்டது. எங்களுக்கும் சுதந்திரம் வந்ததுதானே, அன்றைக்கு எங்களில் யார் காசைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது என்று ஸ்ட்ரீட்காரில் என்னிடம் கேட்டார்.

அந்த வருடமே பொன்னிலும் கொஞ்சம் அடித்தார்கள். நூறு சிலிங் பொன் காசு, இருபத்திரண்டு கரட், எங்கள் பவுணிலும் ஒரு துளிதான் குறைவு. அக்கா சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து வங்கியில் ஒன்று வாங்கினார். எதற்கு? நாலு வயது நிரம்பாத அன்புராசாவின் தாலிக்கு. எங்கள் ஆட்களின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். கலியாணத்துக்கு முன்னம் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு நடக்கும். நல்ல நேரம் பார்த்து, நகை செய்கிற பத்தரைக் கூப்பிட்டு, ஒரு பவுணைச் சபைக்கு முன்னால் உருக்கி, அந்தப் பொன்னில்தான் தாலி செய்ய வேண்டும். தில்லையம்பலம் விழுந்து விழுந்து சிரித்தாராம். "பாவம், அந்த மனிசன் மறியலிலை கிடந்து வந்தது உம்மட மருமகளின்ர கழுத்திலை ஏறவோ?" என்று கேட்டாராம்.

எழுபத்தேழில் கொழும்புக்குத் திரும்பினார்கள். எண்பத்தொன்றில் தில்லையம்பலம் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழும்பவில்லை. எண்பத்துமூன்று ஆடியில் வெள்ளவத்தை வீடு எரிந்தபோது அக்கா பின்மதிலால் ஏறி ஓடினார். உள்பாவாடை மடிப்புக்குள் இந்தக் காசு தைத்திருந்தது. அதைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. இலங்கைக் காசில் தமிழ் எழுத்தும் இருக்கிறதல்லவா, வீட்டுக்கு நெருப்பு வைக்க வந்தவனின் பொக்கற்றிலும் அந்தத் தமிழ் கிடந்திருக்கும் என்று அக்கா ஒருநாள் சொன்னார். நான் அன்றைக்கு இறங்குகிற இடத்தைத் தவற விட்டேன்.

அன்புராசா முதலில் கனடாவுக்கு வந்தான், எண்பத்தைந்தில் தாயைக் கூப்பிட்டான். எண்பத்தெட்டில் அவனுக்குச் சந்திரவதனாவைப் பேசி முற்றாக்கினார்கள். மில்லிக்கனில் வீடு வைத்திருக்கிற குடும்பம். தகப்பன் நவரட்ணம், அதிகம் வாய் திறவாத மனிதர். எங்கள் பக்கத்தில் வாய் திறக்கிறதற்கென்றே ஒருவர் இருந்தார். தில்லையம்பலத்தின் தமையன், பத்மநாதன். பிக்கரிங்கில் இருந்து கோ ட்ரெயினில் டவுன்ரவுன் கந்தோருக்குப் போய்வருகிறவர். அவர் எதைச் சொன்னாலும் கடைசியில் "பெண் வீட்டார் என்ன நினைப்பினம்" என்று முடிப்பார். அதற்குமேல் ஒருத்தரும் பேச ஏலாது.

பொன்னுருக்கைப் பற்றிக் கதைக்க வந்த அன்று அக்கா காசை எடுத்து ஒரு தட்டில் வைத்தார். பத்மநாதன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"உது ஆற்ரை தலை?"

"கென்யாக் காசு, பெரியத்தான். இவன்ர தாலிக்கெண்டு அப்பவே வாங்கினது."

அவர் அந்தத் தலைவரைக் குறித்து ஒரு சொல் சொன்னார். அதை நான் எழுதமாட்டேன். இந்த நாட்டில் எங்களைப் பார்த்து வேறொரு சொல் சொல்லுகிறார்களே, அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து குமுறுகிற அதே வாயால்தான் சொன்னார்.

"மகாலட்சுமி மாதிரி வாற பிள்ளையின்ர கழுத்திலை உதையோ ஏத்தப்போறீர்? பெண் வீட்டார் என்ன நினைப்பினம்? என்னட்டை ராணி தலைப் பவுண் ஒண்டு கிடக்கு, தாறன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ராணி என்ன அண்ணை, உங்கட ஒண்டுவிட்ட மாமியோ?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கதவு தட்டி வக்கியூம் விற்க வந்தவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். அக்கா மேசைக்குக் கீழே என் காலில் மிதித்தார். பிறகு மெதுவாக, "இந்தக் காசைத்தான் உருக்கவேணும், பெரியத்தான்" என்றார். அவர் ஒன்றை வேண்டும் என்று கேட்டு நான் அதற்கு முன்னம் கண்டதில்லை.

பத்மநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். விட்டுக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்து மற்றப் பக்கத்தால் வாங்குவதில் மனிதர் கெட்டிக்காரர். "சரி, உம்மட காசே இருக்கட்டும். ஆனால் நீர் சபையிலை நிக்கேலாது. அது உமக்கே தெரியும். தாய் தேப்பன் இடத்திலை நானும் என்ர மனுசியும் நிண்டு செய்வம். நீர் அறைக்குள்ளை இரும், கூப்பிடுமட்டும் வெளியிலை வரவேண்டாம். பெண் வீட்டார் வந்து நிக்கிற இடம்."

புருசன் இல்லாதவள் பொன்னுக்கு முன்னால் நிற்கக்கூடாது. அதுதான் விசயம். அன்புராசா கார்ப்பெற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் என்ன எழுதியிருந்ததோ தெரியாது, தலையை நிமிர்த்தவேயில்லை. அவனுக்கு ஒரு அறை விட்டிருப்பேன், பிறத்தியாள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

எல்லாரும் போன பிறகு, "ஏன் அக்கா ஓம் எண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் நிக்காட்டிலும் என்ர காசு நிக்கும்தானே."

தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

பொன்னுருக்கு வைகாசியில், ஒரு சனிக்கிழமை காலை. எட்டாம் மாடி வீட்டு ஹோலில் குத்துவிளக்கு, நிறைகுடம், பலகாரத் தட்டுகள். பெண் வீட்டார் ஒரு பத்துப் பேர் வந்திருந்தார்கள். பத்தர் நிலத்தில் கல்லடுக்கி, மூசை என்கிற அந்தச் சின்ன மண்கிண்ணத்துக்குள் காசைப் போட்டுக் கரித்தணலில் வைத்து, காஸ் ரோச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பத்மநாதனின் மனைவி சாம்பிராணியை அள்ளி அள்ளிப் போட்டா. ஆளையாள் தெரியாத புகை. அக்கா விடியவே தலை முழுகி, நீலக்கரைச் சேலை உடுத்து, படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்தர் இருமிக்கொண்டு, "பல்கனிக் கதவைத் திறந்து விடுங்கோ" என்றார்.

பத்மநாதன் பாய்ந்து மறித்தார். வாவிப் பக்கத்தில் இருந்து நல்ல காற்று. கதவைத் திறந்தால் குத்துவிளக்கு அணைந்துவிடும், பொன்னுருக்கில் விளக்கு அணைந்தால் அதைவிட அபசகுனம் வேறென்ன. "பெண் வீட்டார் பாத்துக்கொண்டு இருக்கினம்" என்று சொல்லிப்போட்டு, அதற்குப் பதிலாக வீட்டு வாசல் கதவை ஆவென்று திறந்து விட்டார். புகை முழுக்கக் கொரிடோருக்குள் போனது. கொரிடோர் கூரையில்தான் அந்தக் கட்டடம் முழுவதுக்குமான புகை மணிக் கருவி இருக்கிறது. கனடாவில் வேறு எந்தச் சாதி மனிதரும் விளக்கைக் காப்பாற்றுவதற்காக ஒரு கட்டடத்தையே கிளப்பியிருக்கமாட்டார்கள்.

நான் அதற்குள் வடை எடுக்க மூன்றாம் மாடிக்குப் போயிருந்தேன். மணி அடிக்கத் தொடங்கியது. தட்டோடு படிக்கு வந்தால், மேலிருந்து பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் இறங்கி வருகின்றன. எல்லாருக்கும் முன்னால் பத்மநாதன். கீழே நடைபாதையில் கட்டடம் முழுவதும் நின்றது, சிலர் பைஜாமாவில், ஒருத்தி தலையில் ஷாம்பூ நுரையோடு. நான் எங்கள் ஆட்களை எண்ணாமல் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

"இராசமணி அக்கா எங்கை?"

பத்மநாதன் மனைவியைப் பார்த்தார், மனைவி அன்புராசாவைப் பார்த்தா. அன்புராசாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "அம்மா" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது, உள்ளே விடமாட்டேன் என்று ஒரு ஆள் அவனை நெஞ்சில் கை வைத்து மறித்தான். அவன் அந்த மனிதனின் தோளுக்கு மேலால் எட்டாம் மாடியைப் பார்த்துக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதான்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அக்கா வந்தார். ஓடி வரவில்லை. நீலக்கரைச் சேலை கலையாமல், இரண்டு கையிலும் துணி சுற்றி, ஒரு தாச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தார். தாச்சிக்குள் மூசை. மூசைக்குள் காசு.

"கூப்பிடுமட்டும் வரவேண்டாம் எண்டது" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "மணி அடிச்சது. ஆக்கள் ஓடுற சத்தமும் கேட்டது. ஆரும் கூப்பிடுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஒருத்தரும் கூப்பிடேல்லை."

அன்புராசா நடைபாதையிலேயே அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.

"விளக்கு?" என்று பத்மநாதன் கேட்டார். நம்புங்கள், அந்த நேரத்தில் அவர் கேட்டது அதைத்தான்.

"பூவாலை நூத்துப்போட்டு வந்தனான், பெரியத்தான். தணலுக்கும் தண்ணி தெளிச்சிட்டன்."

அவருக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஆனால் அப்படிப்பட்ட வாய் அதிக நேரம் அடைத்துக் கிடக்காது. பொன் பாதியில் நின்றது அபசகுனம், பிறகு இராசமணியின் கையும் பட்டுவிட்டது, இன்னொரு நாள் வைத்து ராணி தலைப் பவுணை உருக்குவோம், பெண் வீட்டார் குறை நினைக்கக்கூடாது என்று நவரட்ணத்தின் பக்கம் திரும்பினார்.

நவரட்ணம் அதுவரைக்கும் தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், தலையை நிமிர்த்தினார்.

"பெண் வீட்டார் என்ன நினைப்பினம் எண்டு எங்களை ஆரும் கேட்டனீங்களோ?" மெதுவாகத்தான் கேட்டார். "இவ ஏன் அறைக்குள்ளை இருந்தவ? நான் இவவைக் காணேல்லை எண்டு வந்த நேரம் துடக்கம் தேடுறன். என்ர கலியாணத்தண்டு என்ர அம்மாவையும் இப்பிடித்தான் குசினிக்குள்ளை இருத்தினவை. அண்டைக்கு நான் வாய் திறக்கேல்லை. அம்மா செத்தும் போனா." அவர் மூக்கை உறிஞ்சினார். "தாய் குடுக்கிற பொன்தான் என்ர பிள்ளைக்கு வேணும்."

பத்மநாதனின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை நாளும் எந்தச் சம்பந்தியைக் காட்டி எங்களைப் பயப்படுத்தினாரோ அந்தச் சம்பந்தியே இப்படிச் சொன்னால் மனிதர் என்ன செய்வார். எனக்கு உச்சி குளிர்ந்தது. கையில் இருந்த வடைத் தட்டை அந்தத் தீயணைப்பு ஆளிடம் நீட்டினேன், அவன் இரண்டு எடுத்தான்.

மேலே போகலாம் என்று சொன்னார்கள். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. எல்லாரும் லிப்டில் அடைந்துகொண்டு போய் உள்ளே இருந்தார்கள். இந்த முறை பல்கனிக் கதவைப் பத்தரே திறந்தார். திரும்பிப் பார்த்தால், அக்கா வாசலில் நிற்கிறார். தாச்சியோடு. வாசற்படிக்கு வெளியே.

"அம்மா, வாங்கோ" என்றான் அன்புராசா. அவர் அசையவில்லை.

"வாங்கோ தங்கச்சி" என்றார் நவரட்ணம். அக்கா அவரைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், அசையவில்லை.

"கூப்பிடுமட்டும் வரக்கூடாது எண்டு பெரியத்தான் சொன்னவர்" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் கண்ணை நான் அதற்கு முன்னமும் கண்டதில்லை, பின்னமும் கண்டதில்லை.

பத்மநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அந்த மனிதருக்கும் ஒரு தம்பி இருந்து செத்தவன்தான், அது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததோ என்னவோ, கண் கலங்கியிருந்தது. எழும்பி வாசலடிக்குப் போனார்.

"உள்ளை வாரும், இராசமணி" என்றார்.

அக்கா வலது காலை வைத்து உள்ளே வந்தார்.

விளக்கை அவரே கொளுத்தினார். பத்தர் குறடால் காசை எடுத்துக் காட்டினார். ஒரு ஓரம் மட்டும் இளகி வளைந்திருந்தது. தலை மங்கிப்போயிருந்தாலும் ஆள் இன்னும் தெரிந்தார். அக்கா அதை நல்ல நேரம் போகப்போகிறது என்று எல்லாரும் பதறுகிற அளவுக்குப் பார்த்தார். பிறகு, "க்வஹேரி" என்று சொல்லி மூசைக்குள் வைக்கச் சொன்னார்.

"அது என்ன மந்திரம், அம்மா?" என்று பத்தர் ரோச்சைப் பற்ற வைத்துக்கொண்டே கேட்டார்.

"மந்திரம் இல்லை. போட்டு வாங்கோ எண்டு அந்த நாட்டிலை சொல்லுறது."

பொன் உருகி ஒரு சின்ன உருண்டையாய் ஒன்றுசேர்ந்தது. ஆற வைத்து, வெற்றிலைத் தட்டில் போட்டு, ஆளாளாய்த் தொட்டு வாழ்த்துவதற்குச் சபையில் கொடுப்பது வழக்கம். அன்புராசா தட்டை வாங்கி முதலில் தாயிடம் கொண்டுபோனான். அவர் பொன்னின் மேல் கையை வைத்தார். பொன் இன்னும் சுட்டிருக்க வேண்டும், ஆனால் அவர் கையை எடுக்கவில்லை.